சமையலறை ஜன்னலுக்குத் தெரியாத குளம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, அக்காவின் போனில் பிறந்தது.

"நீதான் கதையெல்லாம் எழுதறியே, இந்த மனுஷனுக்குப் புரியற மாதிரி ஒண்ணு எழுதிக் குடேன்" என்றாள். இந்த மனுஷன் என்றால் என் அத்தான். பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறார். "எனக்கும் ஒண்ணு எழுதச் சொல்லு, உனக்குப் புரியற மாதிரி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

சண்டை ஒரு குளத்தைப் பற்றியது. குளம் அப்போது கிடையாது. இல்லாத குளத்துக்குத்தான் அவ்வளவு சண்டை.

அத்தான் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலமும் அதன் மேட்டில் ஒரு சின்ன வீடும் வாங்கினார்கள். அவருக்கு ஒரே ஆசைதான். சொந்தமாக ஒரு குளம், கரையில் ஒரு நாற்காலி, கையில் தூண்டில். "ரெண்டு பஸ்ஸை ஒட்டி நிறுத்தினா எவ்வளவு இடமோ அவ்வளவு போதும்" என்பார். ரயில்காரர் எதற்குப் பஸ்ஸால் அளக்கிறார் என்று கேட்டேன். "ரயிலால அளந்தா உங்க அக்கா விடுவாளா?" என்றார்.

நிலம் வாங்கிய மறு வருஷம் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. அவர் நன்றாகத் தேறிவிட்டார். அக்காதான் இன்னும் தேறவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "அந்த மேட்டு நிலத்தின் மீது மாலை வெயில் பொன்னாய்..."

அடித்துவிட்டேன். மாலை வெயில் இல்லாமல் ஒரு கதையாவது தொடங்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் வேண்டுதல்.

தொடக்கம் இரண்டு: "தண்ணீர் தனக்கான இடத்தைத் தானே..."

வேண்டாம். தினசரிக் காலண்டரில் ராசிபலனுக்குக் கீழே போடுகிற வாக்கியம் இது.

தொடக்கம் மூன்று: "பெரிய மரத்தின் நிழலில் இருந்தது அந்தக் குளம். உதிர்ந்த இலைகள் அதன் மேல் ஓடம் விட்டுக்கொண்டிருந்தன."

இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், உடனே அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"மரத்தடியிலயா?" என்றாள். "மரத்தடியில எவளாவது குளம் வெட்டுவாளாடி? இலையெல்லாம் விழுந்து அழுகினா மீனு மூச்சு முட்டிச் சாகும். வேர் போயி கரையைத் துளைச்சிடும், தண்ணி நிக்காது. உக்காந்த இடத்துலயே எழுதாம ஒரு நடை வந்து பாரு."

(அந்த மரம் இன்னும் நிலத்தின் ஓரத்தில் நிற்கிறது. கதையில் அதற்கு இனி வேலை இல்லை. ஓடமும் அதோடு போயிற்று.)

துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

3

இப்போது நிலத்தைக் காட்டிவிடுகிறேன். நீங்களும் என்னோடு நின்று பாருங்கள். மேட்டில் வீடு. வீட்டின் பின்பக்கம் சமையலறை. அதன் ஜன்னலுக்கு நேர் எதிரே வெறும் தரை, கொடியில் துணி காய்கிறது. இதுதான் அக்கா சொல்லும் இடம். அங்கிருந்து நிலம் மெல்லச் சரிந்து இறங்கி, ஒரு புதர் வரிசையைத் தாண்டி, கடைசியில் பள்ளமாக முடிகிறது. மழை பெய்தால் நிலத்துத் தண்ணீர் முழுக்க அங்கேதான் ஓடி வந்து நிற்கும். அது அத்தான் சொல்லும் இடம். ஜன்னலிலிருந்து பார்த்தால் புதரின் தலை தெரியும், பள்ளம் தெரியாது.

மண் யார் பக்கம் என்று பார்த்துவிடலாம் என்று இரண்டு இடத்திலும் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் காலையில் ஜன்னலடிக் குழியில் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. பள்ளத்துக் குழியில் ஊற்றியது அப்படியே நின்றது. அதற்குள் ஒரு தவளை குடிவந்து உட்கார்ந்திருந்தது.

"தவளையே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?" என்றார் அத்தான்.

"மேல இருக்கறது மணல் மண்ணுதான், யாரு இல்லேன்னா? அடியில பிளாஸ்டிக் விரிப்புப் போட்டா தண்ணி எங்க போகும்? இப்ப எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றாள் அக்கா.

அதுவும் உண்மைதான். ஆகவே மண் கையை விரித்துவிட்டது, பஞ்சாயத்து மறுபடியும் என் தலையில் விழுந்தது.

(விஷயம் மண் இல்லை என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது. கதை எழுதுகிறவள் என்று பெயர்தான்.)

4

அத்தானுக்கு ஒரு கொள்கை. குளம் வெட்டுவதற்கு முன்னால் அதன் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். துணி எடுக்கிற கடையில் மேலே வைத்துப் பார்க்கிறோமே, அதைப் போல. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெறும் தரையில் போட்டு, தூண்டிலை வீசி, காய்ந்த புல்லில் தக்கை கிடப்பதையே பார்த்துக்கொண்டு உட்காருவார். கேலிக்குச் செய்கிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அவருக்கோ அது டியூட்டி.

"இந்தப் பக்கம் உக்காந்தா சாயங்காலம் வெயில் மூஞ்சியில அடிக்குது, தக்கை தெரியாது" என்று நாற்காலியை மாற்றிப் போடுவார். "காத்து அங்கிருந்து வருது. குப்பையெல்லாம் இந்தக் கரையிலதான் ஒதுங்கும்" என்று மறுபடியும் மாற்றுவார். சைக்கிளில் போன பால்காரர் ஒருநாள் காலை ஊன்றி நின்று, "என்ன சார், ஏதாச்சும் கடிக்குதா?" என்று கேட்டார். "எறும்பு" என்றார் அத்தான், திரும்பிப் பார்க்காமல்.

முதலில் ஜன்னலடியில் உட்கார்ந்து பார்த்தார். அக்கா உள்ளே வேலையாக இருந்தாள். இருந்தாலும்,

"ஏங்க, தொப்பி எங்க?"

"ஏங்க, தண்ணி குடிச்சீங்களா?"

"ஏங்க, இப்ப எதுக்கு இருமினீங்க?"

அத்தான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "இங்க மீன் தங்காது எழுத்தாளரே. உங்க அக்கா குசலம் விசாரிச்சே அதுங்களை விரட்டிடுவா."

பிறகு பள்ளத்துக்குப் போனோம். நானும் ஒரு நாற்காலி கொண்டுபோனேன். (உண்மையில் நான் வெறும் தரையில்தான் உட்கார்ந்தேன். முதல் வரைவில் நாற்காலி கொடுத்துக்கொண்டேன், எழுதுகிற எனக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று. அப்புறம் மனசு கேட்கவில்லை.) அத்தான் தூண்டிலை வீசினார். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"கார்டு வேலைன்னா என்னன்னு நினைச்சே? கடைசிப் பெட்டி. ஆளு அம்பு எல்லாம் முன்னாடி. பின்னாடி நான் ஒருத்தன், எதுத்தாப்பல ஓடிப்போற வயலு, வாய்க்காலு. வேலை பாத்த காலமெல்லாம் அப்படியே பழகிட்டேன். இப்ப தும்மினா ஓடி வர்றா. நல்லவதான், இல்லேங்கலை. அவ இல்லேன்னா நான் இல்லை. ஆனா ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம், ஒரு ஆளும் என்னைப் பாக்காம இருக்கணும்மா. அவ்வளவுதான் நான் கேக்கறது."

அன்று மாலை முழுக்க நான் அத்தான் கட்சி.

அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவள் பங்கைச் சொன்னாள். "டியூட்டிக்குப் போனார்னா எப்ப வருவார்னு தெரியாது. பாதி வாழ்க்கை வாசலைப் பாத்தே போச்சுடி எனக்கு. இப்பதான் கண்ணு முன்னாடி இருக்கார். அதுவும் ஒரு தடவை கையை விட்டுப் போகப் பாத்தார். இனிமே என் கண்ணை விட்டு எங்கயும் அனுப்ப மாட்டேன், அவர் என்ன வேணா நினைச்சுக்கட்டும்."

கட்சி மாறிவிட்டேன். என்னைத் திட்டாதீர்கள். அந்தச் சமையலறையில் நீங்கள் நின்றிருந்தால் நீங்களும் மாறியிருப்பீர்கள்.

5

ஜேசிபிக்காரர் இடம் பார்க்க வந்தார். மழை பிடிப்பதற்கு முன்னால் அவரிடம் சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதை விட்டால் அடுத்த வருஷம் என்றார். "எங்க தோண்டணும், அக்கா?" என்று கேட்டார். அக்கா இங்கே கை காட்டினாள், அத்தான் அங்கே கை காட்டினார். அவர் பழகியவர் போல நடுவில் நின்று தலையைச் சொறிந்தார்.

"இடத்தை விடுங்க, வடிவம் சொல்லுங்க. ஒரு ஓட்டல்ல இதய வடிவத்துல போட்டுக் குடுத்தேன், எல்லாரும் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறாங்க. இங்கயும் இதயம் போட்டுடவா?"

"இதயம்ங்கற பேச்சே இந்த வீட்டுல எடுக்காதீங்க" என்றாள் அக்கா.

(அவருக்கு விஷயம் தெரியாது, பாவம். இதய வடிவத்தில் கரையைக் கட்டுவது எவ்வளவு சிரமம் என்று அரைமணி நேரம் எனக்கு விளக்கிவிட்டுப் போனார். அதை இங்கே தரவில்லை.)

சனிக்கிழமை நெருங்கவும் அக்காவே ஒரு சமாதானத்துக்கு வந்தாள். பள்ளத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், ஆனால் அவ்வப்போது கொடி காட்ட வேண்டும். அத்தானிடம் பழைய பச்சைக் கொடி இருந்தது. அதைப் புதருக்கு மேலே தூக்கி ஆட்டினால் ஜன்னலுக்குத் தெரியும். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி; திரும்ப வேலைக்குக் கூப்பிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் ஒழுங்காக நடந்தது. அக்கா காய் நறுக்குவாள், நிமிர்வாள், கொடி ஆடும், குனிவாள்.

இரண்டாம் நாள் கொடி இறங்கவே இல்லை. காற்றில் அதுபாட்டுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்து, அடடா, என்ன உற்சாகம் என்று நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை. "இவ்வளவு நேரம் கை வலிக்காம யாருடி கொடி பிடிப்பா?" என்றவள், கையில் இருந்த கரண்டியோடு சரிவில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

கொடியை ஒரு குச்சியில் கட்டி நட்டு வைத்திருந்தார். அத்தான் நாற்காலியில் சாய்ந்து, தலை ஒரு பக்கம் தொங்க, வாய் திறந்து...

(இந்த வாக்கியத்தை இங்கே முடிக்காமல் நான் நிறுத்தியதில் உங்களுக்கு வந்த கோபத்தைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். சரிவு முழுக்க அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓடினாள்.)

...குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா அவர் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் திடுக்கிட்டு எழுந்து, சட்டைப் பையில் விசிலைத் தேடியபடி, "எந்த ஸ்டேஷன்?" என்றார்.

அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் தரையில் வரைந்து வைத்திருந்த குளத்துக்கு நட்டநடுவே அவள் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் இருந்திருந்தால் கழுத்துக்கு மேல். அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "குளம் ஜன்னலுக்கு நேராத்தான். பிளாஸ்டிக் விரிச்சாவது. இனிமே இதுல பேச்சே கிடையாது."

அத்தான் குச்சியைப் பிடுங்கிக் கொடியைச் சுருட்டினார். அன்று மாலையே ஜன்னலடியில் முளைக்குச்சிகள் அடித்து நாடா கட்டியாயிற்று. நாடா பிடித்தது நான்தான்.

6

அப்படியானால் கதை முடிந்தது, இல்லையா? குளத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு இனி ஒரு முடிவுதான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். அருமையாக வந்தது. எழுதுகிறவர்களுக்கு அருமையாக வரும்போது மூளை வேலை செய்யாது. அக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டு, "என்னடி அப்படி எழுதறே, படியேன்" என்றாள். படித்தேன். பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும். நன்றாக எழுதியதைப் பாதியில் நிறுத்தியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நான் எழுதிய முடிவு இது: குளம் நிறைந்த பிறகு ஒரு நாள். அத்தான் ஜன்னலுக்கு எதிரே தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். தக்கை அமிழ்கிறது. அவர் இழுக்கவில்லை. மறுபடியும் அமிழ்கிறது. அவர் இழுக்கவே இல்லை.

கத்திச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

"குளம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"எந்தக் குளம்?"

"நீ எழுதின குளம்."

"ஜன்னலுக்கு நேரா. நீதானே அங்க..."

"நான் எங்க நிக்கறேன்?"

"ஜன்னல்ல."

"பாத்துக்கிட்டா?"

"பாத்துக்கிட்டுத்தான்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் பாத்துக்கிட்டு நிக்கும்போதே போயிட்டார். அப்படித்தானே எழுதியிருக்கே?"

நான் அதை யோசிக்கவே இல்லை. ஜன்னல் வழியாகக் காட்டினால் காட்சி நன்றாக இருக்குமே என்றுதான் அவளை அங்கே நிறுத்தினேன். சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆபரேஷன் நடந்த அன்றைக்குக்கூட அழாமல் டாக்டரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டவள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி, "அவரைக் கொல்றதுக்கா உனக்கு மூணு வேளையும் வடிச்சுக் கொட்டினேன், படுபாவி?" என்றாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது.

அழுகைச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டு அத்தான் எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, உங்களைக் கொன்னுட்டேன்" என்றேன்.

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

7

சனிக்கிழமை காலையில் நான் எழுந்து வந்தபோது ஜன்னலடியில் முளைக்குச்சி ஒன்றுகூட இல்லை. யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கத்தப் போனேன். கீழே பள்ளத்திலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. புதரைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லால் குச்சி அடித்துக்கொண்டிருக்கிறாள். அத்தான் நாடாவின் முனையைப் பிடித்தபடி, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவர் மாதிரி நிற்கிறார்.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவளிடம் கேட்டார்.

"நாடாவை இழுத்துப் பிடிங்க. வெயில் முகத்துல அடிக்காத பக்கம் எது?"

"அது... அந்தப் பக்கம்."

"அப்ப அங்கதான் நாற்காலி. அங்க கரையைக் கொஞ்சம் சரிவா விடச் சொல்லணும், கால் வழுக்காம." குச்சியை ஒரு போடு போட்டாள். "கொடி வேண்டாம். விசில் வேண்டாம். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடணும். வரலேன்னா சோறு கிடையாது, அவ்வளவுதான்."

"பயமா இருக்காதா உனக்கு?"

"இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

அத்தான் நாடாவை விட்டுவிட்டார். அது சுருண்டு அவள் காலடியில் போய் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கிற சாக்கில் அவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று எழுதினால், 'நான் எங்க துடைச்சேன், தூசி விழுந்தது' என்பார். தூசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "உனக்கும் ஒரு கண்டிஷன். கதையை என்ன வேணா பண்ணிக்கோ. முடிவுன்னு ஒண்ணு மட்டும் எழுதாதே. எழுதினே, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே."

(முடிவில்லாமல் கதையா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.)

8

ஜேசிபிக்காரர் ஒரே நாளில் தோண்டி முடித்தார். இதயம் இல்லை என்பதில் அவருக்குக் கடைசி வரை வருத்தம். மழை வந்தது. பள்ளம் நிறைந்தது. மீன்குஞ்சுகளை வாங்கிவந்து விட்டு, அவை விரல் அளவிலிருந்து சாண் நீளம் ஆகும்வரை அத்தான் தூண்டிலைத் தொடவில்லை. தவளை குடும்பத்தோடு வந்துவிட்டது.

நான் மறுபடி போனபோது, அவர் காலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். அக்கா ஜன்னலில் நின்றாள். தொப்பி புதரைத் தாண்டியது, மறைந்தது. அவள் துலக்கிய பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் துலக்கினாள். பிறகு பலகையை எடுத்து ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டு, உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பித்தாள்.

"கஷ்டமா இருக்காக்கா?"

"கழுத்துதான் திரும்பத் திரும்பப் போகுது" என்றாள். "பழகிடும்."

எனக்குப் போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. எழுதுகிறவளுக்கு அந்த வசதி உண்டு. புதர் என்னை மறைக்காது. ஒரு வாக்கியம் போதும், நாம் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிடலாம். போனேன். உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். இதோ, அவர் உட்கார்ந்திருக்கிறார். வெயில் முகத்தில் அடிக்கவில்லை. தக்கை தண்ணீரில் நிற்கிறது. அவர்

இல்லை. வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

அவர் அக்காவிடமிருந்து மட்டுமா தப்பிக்கக் கேட்டார்? ஒரு ஆளும் பார்க்கக் கூடாது என்றார். ஆள் கணக்கில் நானும் வருவேன், இதுவரை படித்துக்கொண்டு வந்த நீங்களும் வருவீர்கள். அக்காவே திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அவளைவிட அவர் மேல் நமக்கு என்ன பெரிய உரிமை?

தக்கை அமிழ்ந்ததா, இழுத்தாரா, என்ன மீன் என்றெல்லாம் கேட்காதீர்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வருவார். வாங்க, மேலே போவோம். இந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திருப்புங்கள், சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடும்.